சமன் செய்தால் மட்டும் போதுமா?

அமிலக் கரைசலில் அயனிச் சமன்பாடு எழுதும் முறை பற்றி ஒரு விமரிசனம்

கல்லூரியில் முதலாண்டு படித்துக் கொண்டிருந்தபோது, ஒரு மருந்துக் கடைக்காரர் மீது நான் அநியாயமாகப் பழி சுமத்தினேன். அவரிடம் வாங்கிய ஹைட்ரஜன் பெராக்ஸைடுப் புட்டியில் 20 கன அளவு வலிமை என்று அச்சிட்டிருந்தது. ஒரு லிட்டர் கரைசல் முழுவதும் சிதைந்தால் 20 லிட்டர் ஆக்ஸிஜன் வெளிவரும் என்பது இதன் பொருள். நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்கு பெராக்ஸைடு அதில் இருக்க வேண்டும். நான் அதை நீர்த்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக் கரைசலால் தரம் பார்த்தேன். கணக்குப் போட்டால் நூற்றுக்கு 1.2 பங்குதான் வந்தது. மருந்தில் தண்ணீர் கலந்து விற்கிறார் என்று நண்பர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

என் ஆசிரியர் பியூரெட் அளவைப் பார்க்கவில்லை. "சமன்பாட்டை எழுது" என்றார். எழுதினேன். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, "கடைக்காரர் நல்லவர். உன் சமன்பாடுதான் பொய் சொல்கிறது" என்றார். எனக்கு விளங்கவில்லை. ஏனெனில் சில வாரங்களுக்கு முன் ஒரு வகுப்புத் தேர்வில் அதே சமன்பாட்டை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்!

அந்தச் சமன்பாட்டை நீங்களும் பாருங்கள். இக்கட்டுரையில் குறியீடுகளுக்குப் பதிலாகப் பெயர்களையே எழுதுகிறேன். அடைப்புக்குள் இருப்பது அயனியின் மின்சுமை. ஒரு தாளை எடுத்துக் குறியீடுகளால் எழுதிக்கொண்டே உடன் வந்தால் நன்றாக விளங்கும்.

2 பெர்மாங்கனேட் (1−) + 6 ஹைட்ரஜன் அயனி (1+) + 1 ஹைட்ரஜன் பெராக்ஸைடு → 2 மாங்கனீஸ் அயனி (2+) + 4 நீர் + 3 ஆக்ஸிஜன்

எண்ணிப் பாருங்கள். இடப்புறம் மாங்கனீஸ் 2, வலப்புறமும் 2. ஹைட்ரஜன் இருபுறமும் 8. ஆக்ஸிஜன் இருபுறமும் 10. மின்சுமை இடப்புறம் 6 − 2 = 4, வலப்புறம் 2 × 2 = 4. எல்லாம் சரி. ஆயினும் இது தவறு. உண்மையான சமன்பாடு இதுதான்:

2 பெர்மாங்கனேட் (1−) + 6 ஹைட்ரஜன் அயனி (1+) + 5 ஹைட்ரஜன் பெராக்ஸைடு → 2 மாங்கனீஸ் அயனி (2+) + 8 நீர் + 5 ஆக்ஸிஜன்

இரண்டு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து பெராக்ஸைடு என்பதற்குப் பதிலாக ஒன்று என்று கொண்டேன். அதனால்தான் என் விடை ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது.

அணுக்களையும் மின்சுமையையும் சமன் செய்துவிட்டால் சமன்பாடு முடிந்தது என்று நம் மாணவர்களில் பலர் நம்புகிறார்கள். நாமும் பெரும்பாலும் அப்படியே கற்பிக்கிறோம். அந்தப் பழக்கத்தின் மீதுதான் என் குறை.

ஒரு சமன்பாடா, ஓராயிரமா?

மேலே கண்ட இரண்டோடு நின்றுவிடவில்லை. பெராக்ஸைடு 3 என்று வைத்தால் நீர் 6, ஆக்ஸிஜன் 4 என்று சமனாகும். பெராக்ஸைடு 7 என்றால் நீர் 10, ஆக்ஸிஜன் 6. இப்படி முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போகலாம். இதன் மர்மம் என்ன? அடுத்தடுத்த இரண்டு சமன்பாடுகளை எடுத்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாருங்கள். எஞ்சுவது இதுவே:

2 ஹைட்ரஜன் பெராக்ஸைடு → 2 நீர் + 1 ஆக்ஸிஜன்

இது பெராக்ஸைடு தானாகவே சிதையும் வினை. பெர்மாங்கனேட்டுக்கு இதில் பங்கே இல்லை. ஆகவே, தொடர்பற்ற இரண்டு வினைகளை வேண்டிய விகிதத்தில் கூட்டிக் கழித்து, அதற்கு ஒரே வினை என்று பெயரிட்டுவிடுகிறோம். அணுக்களை எண்ணும் கணிதத்திற்கு இந்த வேறுபாடு தெரியாது.

தெரிந்துகொள்ளும் வழி எலக்ட்ரான் கணக்கு. பெர்மாங்கனேட்டில் மாங்கனீசின் ஆக்ஸிஜனேற்ற எண் +7. அது +2 ஆக இறங்க 5 எலக்ட்ரான்கள் வேண்டும். இரண்டு பெர்மாங்கனேட்டுக்கு 10. ஒரு பெராக்ஸைடு மூலக்கூறு ஆக்ஸிஜனாக மாறும்போது 2 எலக்ட்ரான்களையே விடுகிறது. பத்துக்கு ஐந்து மூலக்கூறுகள் வேண்டும் என்பது வெளிப்படை. என் பழைய சமன்பாட்டில் ஒரே பெராக்ஸைடு 2 எலக்ட்ரான்களைத் தந்தது. மீதி 8 எங்கிருந்து வந்தன? பெர்மாங்கனேட்டில் இருந்த ஆக்ஸிஜனே அவற்றை இழந்து வாயுவானது என்று, என்னை அறியாமல் நான் எழுதியிருந்தேன்!

அப்படி நடக்கிறதா என்று ஆய்வாளர்கள் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். வெளிவரும் ஆக்ஸிஜன் எங்கிருந்து வருகிறது என்பதை ஆக்ஸிஜனின் கனமான ஐசோடோப்பைத் துணையாகக் கொண்டு கண்டறியலாம். ஹென்றி டௌப் தம் துணை ஆய்வாளருடன் 1952-ல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையைச் சேர்ந்தது. எலக்ட்ரான் மாற்ற வினைகளை விளக்கியதற்காக 1983-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர். வெளிவரும் வாயுவின் இரண்டு அணுக்களும் பெராக்ஸைடிலிருந்தே வருகின்றன என்பது இத்தகைய ஆய்வுகளின் முடிவு. இப்போது சரியான சமன்பாட்டை மீண்டும் பாருங்கள். 5 பெராக்ஸைடில் 10 ஆக்ஸிஜன் அணுக்கள். 5 ஆக்ஸிஜன் மூலக்கூறுகளிலும் 10 அணுக்கள். 2 பெர்மாங்கனேட்டில் 8 ஆக்ஸிஜன் அணுக்கள். உண்டான நீர் 8. ஒவ்வோர் அணுவும் எங்கே போயிற்று என்று இந்தச் சமன்பாடு சொல்லிவிடுகிறது.

பிறவிநிலை ஆக்ஸிஜன் என்னும் பழங்கதை

நான் ஏன் அந்தத் தவறைச் செய்தேன்? நான் படித்த நூல்கள் எனக்கு எலக்ட்ரான் கணக்கைக் காட்டவில்லை. அவை காட்டியது வேறொன்று. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு இரண்டும் கந்தக அமிலம் மூன்றும் சேர்ந்து, பொட்டாசியம் சல்ஃபேட்டு, மாங்கனீஸ் சல்ஃபேட்டு, நீர் ஆகியவற்றோடு ஐந்து "பிறவிநிலை ஆக்ஸிஜன்" அணுக்களைத் தருகின்றன. அந்த அணுக்கள் போய் ஃபெரஸ் சல்ஃபேட்டை ஃபெரிக் சல்ஃபேட்டாக்குகின்றன என்பது பாடம். அதை வாய்ப்பாடு போல ஒப்பித்தோம்.

இதைக் கண்டிக்கும் முன் நியாயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெர்மாங்கனேட்டைக் கொண்டு இரும்பை அளக்கும் முறையை மார்கெரீத் என்னும் பிரெஞ்சு வேதியியலார் 1846-ல் கொண்டுவந்தார். கரைசலில் உப்புகள் அயனிகளாகப் பிரிந்தே இருக்கின்றன என்னும் கொள்கையை அர்ரேனியஸ் முன்வைத்தது 1880-களில். எலக்ட்ரான் கண்டறியப்பட்டதோ 1897-ல். அயனியும் எலக்ட்ரானும் அறியப்படாத நாளில், ஆக்ஸிஜனேற்றம் என்றால் ஆக்ஸிஜன் கைமாறுவது என்றுதான் எண்ண முடியும். தவிரவும், இக்கணக்கு ஃபெரஸ் உப்புக்குச் சரியான விடையையே தரும். ஓர் ஆக்ஸிஜன் அணு என்பது இரண்டு எலக்ட்ரான் என்பதற்கு ஈடாக நின்று கணக்கைக் காப்பாற்றிவிடுகிறது.

ஆனால் கணக்குக்கு வைத்துக்கொண்ட அடையாளத்தை, குடுவைக்குள் இருக்கும் பொருள் என்று மாணவனிடம் சொல்வது எப்படி நியாயமாகும்? நீர்த்த கந்தக அமிலம் பட்டதுமே பெர்மாங்கனேட்டு ஆக்ஸிஜன் அணுக்களை உதிர்க்கிறது என்றால், அந்தக் கலவையின் ஊதா நிறம் அப்போதே மறைய வேண்டும். ஒரு சோதனைக் குழாயில் நீர்த்த அமிலத்தை எடுத்து, நீர்த்த பெர்மாங்கனேட்டுக் கரைசலில் சில சொட்டுகள் விட்டுப் பாருங்கள். குமிழி எழாது. நிறம் நெடுநேரம் அப்படியே நிற்கும். ஒரு சொட்டு ஃபெரஸ் கரைசல் விழுந்த கணமே நிறம் மங்கும். எலக்ட்ரான் கொடுப்பவன் வந்தால்தான் வினை நடக்கிறது. (ஓர் எச்சரிக்கை: நீர்த்த அமிலத்தோடும் நீர்த்த கரைசலோடும் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். அடர் கந்தக அமிலத்தைத் திடப் பெர்மாங்கனேட்டின் மீது ஒருபோதும் ஊற்றலாகாது. வெடிக்கக்கூடிய மாங்கனீஸ் ஹெப்டாக்ஸைடு உண்டாகும்.)

ஹைட்ரஜன் அயனி ஏன் எட்டு?

அயனிச் சமன்பாட்டை முறையாக எழுதினால் என்ன தெரிகிறது என்று காண்போம். ஃபெரஸ் அயனியும் பெர்மாங்கனேட்டும் அமிலத்தில் வினைபுரிவதை இரண்டு அரைவினைகளாகப் பிரிக்கலாம்.

பெர்மாங்கனேட் (1−) + 8 ஹைட்ரஜன் அயனி (1+) + 5 எலக்ட்ரான் → மாங்கனீஸ் அயனி (2+) + 4 நீர்

ஃபெரஸ் (2+) → ஃபெரிக் (3+) + 1 எலக்ட்ரான்

இரண்டாவதை ஐந்தால் பெருக்கிக் கூட்டினால்:

பெர்மாங்கனேட் (1−) + 8 ஹைட்ரஜன் அயனி (1+) + 5 ஃபெரஸ் (2+) → மாங்கனீஸ் அயனி (2+) + 5 ஃபெரிக் (3+) + 4 நீர்

மின்சுமை இருபுறமும் 17. பொட்டாசியமும் சல்ஃபேட்டும் இதில் இல்லை. அவை வேடிக்கை பார்க்கும் அயனிகள்.

இப்போதைய பாடநூல்கள் இந்த அரைவினை முறையைத் தருகின்றன. அது பெரிய முன்னேற்றம். ஆனால் என் இரண்டாவது குறை இங்கே தொடங்குகிறது. "ஆக்ஸிஜன் குறையும் பக்கத்தில் நீரைச் சேர், ஹைட்ரஜன் குறையும் பக்கத்தில் ஹைட்ரஜன் அயனியைச் சேர், மின்சுமை குறையுமிடத்தில் எலக்ட்ரானைச் சேர்" என்று விதிகளை வரிசையாகத் தருகிறோம். மாணவனுக்கு ஹைட்ரஜன் அயனி என்பது கணக்கு இடிக்காமலிருக்கச் செருகும் ஆப்பாகத் தெரிகிறது. அது அப்படியன்று.

மாங்கனீசைச் சுற்றி நான்கு ஆக்ஸிஜன் அணுக்கள் இருக்கின்றன. மாங்கனீஸ் தனி அயனியாக வேண்டுமானால் அந்த நான்கும் விலக வேண்டும். எப்படி விலகும்? நீராகத்தான். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் வேண்டும், ஆகவே எட்டு. அமிலம் போதாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆய்வகத்தில் கண்டிருப்பீர்கள். குடுவையில் பழுப்பு நிறக் கலங்கல் தோன்றும். அது மாங்கனீஸ் டையாக்ஸைடு. மாங்கனீஸ் +2 வரை இறங்காமல் +4 என்ற படியிலேயே, இரண்டு ஆக்ஸிஜனைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டது. அடர்ந்த காரக் கரைசலில் அது +6 என்ற படியிலேயே நின்று, பச்சை நிற மாங்கனேட்டு ஆவதும் உண்டு. ஒரே பெர்மாங்கனேட்டு எந்த ஊடகத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மூன்று விதமாக முடிகிறது. "அமிலக் கரைசலில்" என்று வினாத்தாளில் அச்சிட்டிருக்கும் சொல் அலங்காரம் அன்று.

எவ்வளவு அமிலம் வேண்டும் என்பதையும் இச்சமன்பாடே சொல்லும். 0.1 மோலார் ஃபெரஸ் கரைசல் 20 மில்லிலிட்டரில் 2 மில்லிமோல் இரும்பு உண்டு. ஐந்துக்கு எட்டு என்றால், இரண்டுக்கு 3.2 மில்லிமோல் ஹைட்ரஜன் அயனி. நாம் சேர்க்கும் 2 நார்மல் கந்தக அமிலம் 20 மில்லிலிட்டரில் 40 மில்லிமோல் இருக்கிறது. தேவையைப் போல 12 மடங்குக்கும் மேல். "ஒரு சோதனைக் குழாய் நிறைய அமிலம் ஊற்று" என்று ஆய்வகத்தில் சொல்லுவதன் காரணம் இதுதான்: வினை முடியும்வரை அமிலம் தாராளமாக இருக்க வேண்டும். இந்தக் காரணத்தை எத்தனை மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம்?

குடுவையில் இல்லாதவரைச் சாட்சிக்கு அழைக்கலாமா?

மூன்றாவது குறை நுட்பமானது, ஆனால் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆக்ஸாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட்டால் தரம் பார்க்கும் வினையை நூல்கள் வழக்கமாக இப்படி எழுதுகின்றன:

2 பெர்மாங்கனேட் (1−) + 16 ஹைட்ரஜன் அயனி (1+) + 5 ஆக்ஸலேட் (2−) → 2 மாங்கனீஸ் அயனி (2+) + 10 கார்பன் டையாக்ஸைடு + 8 நீர்

எலக்ட்ரான் கணக்கும் சரி, விகிதமும் சரி. தரம் பார்த்தால் சரியான விடையும் வரும். ஆனால் அந்தக் குடுவையில் ஆக்ஸலேட் அயனி என்று ஒன்று இருக்கிறதா? ஆக்ஸாலிக் அமிலம் வீரியம் குறைந்த அமிலம். கந்தக அமிலம் நிறைந்த கரைசலில் அது தன் ஹைட்ரஜனை விட்டுக்கொடுக்காது. ஹைட்ரஜன் அயனியின் செறிவு 1 மோலார் அளவில் இருந்தால், நூற்றுக்கு ஏறத்தாழ 95 பங்கு முழு மூலக்கூறாகவே இருக்கும். எஞ்சியதும் ஒரு ஹைட்ரஜனை மட்டும் இழந்த வடிவம். இரண்டையும் இழந்த ஆக்ஸலேட் அயனி மிக மிக அற்பம். எனவே உண்மைக்கு நெருங்கிய சமன்பாடு:

2 பெர்மாங்கனேட் (1−) + 6 ஹைட்ரஜன் அயனி (1+) + 5 ஆக்ஸாலிக் அமிலம் → 2 மாங்கனீஸ் அயனி (2+) + 10 கார்பன் டையாக்ஸைடு + 8 நீர்

பதினாறு ஆறாகிவிட்டது. மீதிப் பத்து எங்கே? சோடியம் ஆக்ஸலேட்டை எடுத்து அமிலம் ஊற்றும்போது, ஐந்து ஆக்ஸலேட்டும் ஐந்து ஆக்ஸாலிக் அமிலமாக மாறுகின்றன அல்லவா? அதற்குச் செலவானவை அந்தப் பத்து. பெர்மாங்கனேட்டு ஒரு சொட்டும் விழும் முன்னரே அந்த வேலை முடிந்துவிட்டது. முதலிலேயே ஆக்ஸாலிக் அமிலத்தை எடுத்திருந்தால் அந்தச் செலவே இல்லை. வீரியம் குறைந்த அமிலங்களை மூலக்கூறாகவும், வீரிய அமிலங்களை அயனிகளாகவும் எழுத வேண்டும் என்னும் விதி நம் நூல்களிலேயே ஓர் அத்தியாயத்தில் இருக்கிறது. ஆக்ஸிஜனேற்ற அத்தியாயம் வந்ததும் அதை மறந்துவிடுகிறோம். ஹைட்ரஜன் சல்ஃபைடை அமிலக் கரைசலில் சல்ஃபைடு அயனி என்று எழுதுவதும், கார்பனேட்டு அயனியும் ஹைட்ரஜன் அயனியும் ஒரே கரைசலில் அமைதியாகக் கூடி வாழ்வதாக எழுதுவதும் இதே மறதிதான். அமில வினையில் ஹைட்ராக்ஸைடு அயனியைக் கொண்டுவந்து நிறுத்துவது அதிலும் மோசம்.

"ஹைட்ரஜன் அயனி என்று நீங்களே எழுதுகிறீர்களே, நீரில் அது தனியாகவா இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அது நீரோடு இணைந்தே இருக்கிறது. ஹைட்ரோனியம் என்று எழுதினால் இடப்புறம் 8 ஹைட்ரோனியம், வலப்புறம் 4 நீருக்குப் பதில் 12 நீர் என்றாகும். வேறு எதுவும் மாறாது. இது எல்லாரும் அறிந்து ஏற்றுக்கொண்ட சுருக்கம். ஆக்ஸலேட்டுக் கதை அப்படியன்று. அங்கே எத்தனை ஹைட்ரஜன் அயனி செலவாகிறது என்ற எண்ணே மாறிவிடுகிறது.

அயனிச் சமன்பாடும் எல்லாம் அறிந்ததன்று

அயனிச் சமன்பாட்டைப் புகழ்ந்துகொண்டே போனால் அதுவும் நேர்மையாகாது. வேடிக்கை பார்ப்பவர்களை அது வெளியேற்றிவிடுகிறது. எனவே எந்த அமிலமானால் என்ன, ஹைட்ரஜன் அயனி கிடைத்தால் போதும் என்று மாணவன் எண்ணக்கூடும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் குளோரைடு அயனி வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. பெர்மாங்கனேட்டின் திட்ட மின்னழுத்தம் 1.51 வோல்ட்டு, குளோரினுடையது 1.36 வோல்ட்டு. குளோரைடும் எலக்ட்ரான் கொடுக்க முன்வருகிறது. பெர்மாங்கனேட்டு அதிகம் செலவாகி, இரும்பு கூடுதலாக இருப்பதுபோல் தோன்றும். நைட்ரிக் அமிலமோ தானே ஆக்ஸிஜனேற்றி. ஃபெரஸ் அயனியைப் பெர்மாங்கனேட்டுக்கு முன்னரே தாக்கிவிடும். அதனால்தான் கந்தக அமிலம்.

வேகத்தையும் சமன்பாடு சொல்லாது. ஆக்ஸாலிக் அமிலத்தை 60 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குகிறோம். அப்போதும் முதல் சொட்டுகளின் நிறம் மெதுவாகவே மறையும். பிறகு விரைந்து மறையும். வினையில் உண்டாகும் மாங்கனீஸ் அயனியே வினையூக்கியாகிவிடுகிறது. இவை சமன்பாட்டுக்கு வெளியே, அதன் அருகில் எழுதி வைக்க வேண்டிய செய்திகள். பழைய மூலக்கூறுச் சமன்பாட்டுக்கும் ஓர் இடம் உண்டு: எந்த உப்பை எத்தனை கிராம் நிறுக்க வேண்டும் என்று கேட்டால் அதுவே உதவும். தராசுக்கு அது, குடுவைக்கு இது.

என்ன செய்யலாம்?

மாணவ நண்பர்களே, அமிலக் கரைசலுக்கான ஒரு சமன்பாட்டை எழுதி முடித்ததும் பேனாவை மூடிவிடாதீர்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள்.

1. நான் எழுதிய ஒவ்வொரு பொருளும் இந்த அமிலத்தில் அந்த வடிவில்தான் இருக்குமா?

2. எலக்ட்ரான் கொடுத்தது யார், பெற்றது யார்? இருவர் கணக்கும் பொருந்துகிறதா?

3. ஹைட்ரஜன் அயனி எந்த வேலைக்காகச் செலவாகிறது?

4. தரம் பார்த்தால் இந்த விகிதம்தான் கிடைக்குமா?

முதல் மூன்றைச் சிந்தனையால் தீர்த்துக்கொள்ளலாம். நான்காவதைப் பியூரெட் தீர்க்கும். நான்கில் ஒன்று பொய்த்தாலும், அணுக்கள் எவ்வளவு அழகாகச் சமனாகியிருந்தாலும், அந்தச் சமன்பாட்டை அடித்துவிட்டு மீண்டும் எழுதுங்கள்.

ஆசிரியர்களுக்கும் நூலாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எண்கள் சமனாகியிருந்தால் முழு மதிப்பெண் என்னும் வழக்கத்தை விடுவோம். எனக்கு அன்று கிடைத்த முழு மதிப்பெண்தான் என்னைக் கெடுத்தது. வினாவில் சமன்பாட்டைக் கேட்கும்போது, "ஹைட்ரஜன் அயனி ஏன் இத்தனை?" என்று ஒரு வரி சேர்த்துக் கேட்போம். மனப்பாடம் செய்தவனும் புரிந்துகொண்டவனும் அந்த ஒரு வரியில் பிரிந்துவிடுவார்கள்.

இது தேர்வோடு முடிகிற விஷயமும் அன்று. இன்று வகுப்பில் சமன்பாடு எழுதுகிறவர்களில் சிலர் நாளை மருந்தின் தரத்தையும், குடிநீரின் தூய்மையையும், தாதுவில் உள்ள இரும்பையும் அளக்கப் போகிறார்கள். அவர்கள் தரும் எண்ணை நம்பி ஒரு பொருளை விற்கலாம் என்றோ, விற்கக் கூடாது என்றோ பிறர் முடிவு செய்வார்கள். நான் பழித்த கடைக்காரருக்கு என் பேச்சால் பெரிய தீங்கு நேரவில்லை. முதலாண்டு மாணவனின் சொல்லை யார் பொருட்படுத்துவார்கள்? சான்றிதழில் கையெழுத்திடும் நிலையில் இருந்துகொண்டு அதே சமன்பாட்டை எழுதியிருந்தால்?